நூகுத்தம்பியின் பின்னறை

செருப்பை எங்கே விடுவது என்று தெரியவில்லை. என் வீடு, எனக்கே தெரியவில்லை. அறுபத்தெட்டு வயதில் இந்த வீட்டின் முன்வாசலில் நான் நிற்பது இதுதான் முதல் தடவை. எங்கள் ஊரில் முன்வாசல் ஆண்களுக்கு. பெண்களுக்கு வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் ஓடுகிற முடுக்கு இருக்கிறது, ஒருத்தி வந்தால் எதிரில் வருகிறவள் சுவரோடு ஒண்ட வேண்டிய அகலம்தான், கல்யாண வீட்டுக்கும் அதிலேதான் போவோம், மௌத்து வீட்டுக்கும் அதிலேதான் போவோம். இன்றைக்கும் ஆட்டோவை விட்டு இறங்கியதும் கால் தானாக முடுக்குப் பக்கம் திரும்பியது, திரும்பிப் போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு, பூட்டில் ஓர் அட்டை, வேலை நடக்கிறது நுழையாதீர். யாரை நுழையாதீர் என்கிறார்கள்? இந்த வீடு எனக்காகக் கட்டியது. எங்கள் ஊர் வழக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு, ஆண்பிள்ளை நிக்காஹ் முடிந்து பெண் வீட்டுக்குப் போய்விட வேண்டும், என் தம்பியும் இருபத்து நாலு வயதில் ஒரு பெட்டியும் குடையுமாகப் போனான். இப்போது வாசல் நெற்றியில் பலகை வைத்திருக்கிறார்கள், குழந்தை எழுத்தாளர் நூகுத்தம்பி பிறந்து வளர்ந்த இல்லம் என்று, என் தம்பி பெயர், எழுத்து ஒவ்வொன்றும் முழ நீளம். பார்த்ததும் நெஞ்சு விரிந்துவிட்டது, பொய் சொல்வானேன், பூட்டுப் பார்த்த கோபம் பாதி அங்கேயே போய்விட்டது. முழ நீளம் போதாது, இன்னும் பெரிதாக வைத்திருக்கலாம், ரயிலில் போகிறவனுக்கும் தெரிய வேண்டாமா. ஆனால் நான் பலகை பார்க்க வரவில்லை. முந்தாநாள் பக்கத்து வீட்டு ஜெய்னம்பு போனில் சொன்னாள், "லாத்தா, ஒங்க பின்னறைய திங்கக்கெழம இடிக்கப் போறாங்களாம், படம் காட்டுற ஹால் கட்டப் போறாங்களாம்" என்று. லாத்தா என்றால் எங்கள் ஊரில் அக்கா. மகளிடம் கூட முழுதாகச் சொல்லாமல் சென்னையிலிருந்து ரயிலேறி வந்துவிட்டேன். வந்து என்ன செய்யப் போகிறேன்? தம்பி மௌத்தான பிறகு, இரண்டு வருஷத்துக்கு முன், வீட்டை அவன் பேரில் உள்ள நினைவுச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. இடிக்காதீர்கள் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது, அதைத்தான் ஐம்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக நான் வாய்க்குள்ளே வைத்திருக்கிறேன். செருப்பைத் தூணோரமாக விட்டேன்.

உள்ளே ஒரு பள்ளிக்கூடமே நிற்கிறது. முப்பது பிள்ளைகள் இருக்கும், நாலாம் வகுப்பாம், கூட ஒரு டீச்சர், தலையில் கனகாம்பரம், கையில் பிரம்பு இல்லை என்றாலும் பிரம்பு இருக்கிற மாதிரியே கையை வைத்திருக்கிறாள். வீட்டைச் சுற்றிக்காட்ட ரிஸ்வானா என்று ஒரு பெண், சட்டையில் பெயர் குத்தியிருக்கிறது. ஓரமாகச் சங்கச் செயலாளர் மொகுதூம். எனக்கு அவரைத் தெரியும், அவருக்கு என்னைத் தெரியாது. கதவுக்குப் பின்னால் நின்று அவரோடு எத்தனை தடவை பேசியிருப்பேன், பத்திரம் பற்றி, சாவி பற்றி, தம்பியின் மூக்குக்கண்ணாடி பற்றி, அவருக்கு என் குரல்தான் பழக்கம், முகம் பார்த்ததில்லை. பதிவு அலுவலகத்துக்கும் மகள்தான் எனக்காகப் போய்வந்தாள். ஆகவே என் வீட்டில் என் செயலாளர் என்னைப் பார்த்து, "வாங்கம்மா, பிள்ளைகளோடயே சேந்து பாருங்க" என்கிறார். சரி, சேர்ந்தே பார்க்கிறேன். முன்கூடம் இவ்வளவு பெரியதா? இதுவரை கதவிடுக்கில் பார்த்த கூடம், இடுக்கில் தெரிகிற அகலத்துக்கே இருக்கும் என்று நினைத்துவிட்டேன் போல. சுவர் நிறையப் புத்தக அட்டைகள், நாற்பத்தொன்று, நான் ஒரு முறைக்கு இரு முறை எண்ணிப் பார்த்தேன், நாற்பத்தொன்றும் இருக்கின்றன, இந்தியிலும் மலையாளத்திலும் வந்தவை தனி வரிசை. ஒரு பயல் இன்னொருவனை இடித்து, "டேய் இது எங்கிட்ட இருக்கு" என்கிறான். இன்னொரு தடவை சொல்லடா ராசா. நான் பெற்ற பிள்ளை முதல் வகுப்பில் தேறியபோது கூட இப்படி இல்லை, கழுத்து தானாக நிமிர்கிறது. கூடத்தின் நடுவில் கயிறு கட்டி ஒரு மேசை, நாற்காலி, மைக்கூடு. "இந்த மேசையிலதான் நூகுத்தம்பி ஐயா தன்னோட முதல் கதைய எழுதினாங்க" என்று ரிஸ்வானா சொன்னாள். எந்த மேசை? இது எந்த ஊர் மேசை? எங்கள் வீட்டில் மேசையே கிடையாது, வாப்பா கொழும்பிலிருந்து வந்தால் தரையில் விரிப்பு விரித்து அதிலேதான் சாப்பாடு, கணக்கு, அரட்டை எல்லாம். அந்தப் பெண்ணைச் சொல்லிக் குற்றமில்லை. சங்கத்தில் பதினோரு பேர், பதினொன்றும் ஆண்கள், அவர்களுக்குத் தெரிந்த வீடு இந்த முன்கூடத்தோடு முடிந்துவிடுகிறது. நாங்கள் இங்கே புழங்கியவரை பின்னால் இருப்பதை அவர்களில் ஒருத்தரும் பார்த்ததில்லை, பார்ப்பது மரியாதையுமில்லை. எழுத்தாளன் என்றால் மேசை வேண்டுமே, எழுதியிருந்தால் முன்கூடத்தில்தானே எழுதியிருப்பான், வாங்கிப் போட்டுவிட்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கதவுக்குப் பின்னால்தானே நின்றுகொண்டிருந்தேன்.

"எட்டு வயசுலேயே, வாப்பாவப் பாக்க வர்ற பெரியவங்க முன்னாடி இங்க நின்னு மடை தெறந்த மாதிரி பேசுவாங்களாம்." ரிஸ்வானாவின் குரல் கணீரென்று இருக்கிறது. மடை திறந்த மாதிரி. அல்லாவே. எனக்குத் தெரிந்த எட்டு வயது நூகு இதே கூடத்தில், அந்த ஜன்னலுக்கு நேரே, சலவை வேட்டி கட்டி நின்றான். வாப்பா வந்திருந்தார், கூடவே கொழும்புக் கூட்டாளிகள் ஆறேழு பேர். "எங்க, ஒரு பாட்டுச் சொல்லு பாப்பம்." நான் கதவிடுக்கில். அவன் வாயைத் திறந்தான். முதல் சொல்லின் முதல் எழுத்து, க, அது வரவில்லை, க் க் என்று தொண்டை தட்டுகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, கண் மேலே போகிறது, ஒருத்தர் சொல்லை எடுத்துக் கொடுத்தார், அவன் அதை விட்டு அடுத்ததற்குப் போனான், இன்னொருத்தர் அதையும் எடுத்துக் கொடுத்தார், நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள், ஏலத்தில் கேட்கிற மாதிரி மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், கடைசியில் பாட்டு முழுவதையும் அவர்களே சொல்லி முடித்துக் கைதட்டிக்கொண்டார்கள். நூகு வாயை மூடினான். உதடு ஒன்றோடொன்று ஒட்டியதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு இந்தக் கூடத்தில் அவன் வாயைத் திறக்கவில்லை, வாப்பா மௌத்தானபோதும் இங்கே நின்று ஒரு வார்த்தை பேசவில்லை. கூச்சக்காரப் பிள்ளை என்று உம்மா சொல்லி வைத்தாள், ஊரும் நம்பியது. திக்குவாய் என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள். அப்படி மூடி வைத்ததுதான், மூடியது மூடியபடியே இருக்கிறது.

ஆனால் பின்னறையில் பேசினான். அங்கே பேச்சு என்றால் பேச்சு. எனக்குப் பன்னிரண்டு வயதில், பெரியவளானதும், பள்ளிக்கூடம் நின்றது, தெரு நின்றது. அவனுக்கு ஒன்பது வயது, ஆண்பிள்ளை, காலில் சக்கரம். சாயங்காலம் வந்து புளிப்பானைப் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு வெளியைச் சொல்லுவான். இன்றைக்குக் கடற்கரையில் என்ன, ஸ்டேஷனில் யார் இறங்கினார்கள், ஐஸ்காரன் எந்தத் திருப்பத்தில் விழுந்தான். முதலில் நானும் அந்தக் கொழும்புக்காரர்கள் மாதிரிதான் இருந்தேன், அதை மறைக்க மாட்டேன். அவன் திக்கினால் எனக்குப் பொறுக்காது, லபக்கென்று சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவேன். ஒரு நாள் எழுந்து போய்விட்டான். மூன்று நாள் எனக்கு வெளியுலகமே கிடையாது. மூன்று நாள் தெருவில் என்ன நடந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நாலாம் நாள் வந்தபோது சட்டம் போட்டேன், உம்மா, பெரியும்மா, சாச்சிமார், பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் சேர்த்துப் போட்டேன். நூகு பேசும்போது எவளும் சொல் எடுத்துக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் எலுமிச்சங்காய் அளவு புளி உருட்டி வாயில் அடக்கிக்கொள்ள வேண்டும், கதை முடிகிறவரை துப்பக் கூடாது. அந்த மாசம் வருஷத்துப் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம், புளிக்குப் பஞ்சமில்லை. பெரியும்மா மூன்று தடவை அடக்கினாள், பல் கூசி ஒரு வாரம் கஞ்சிதான். பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை. அவன் ஒரு எழுத்தில் நின்றால் நிற்பான், நாங்கள் கொட்டை எடுப்போம், முறத்தில் ஒவ்வொன்றாக விழும், அவசரம் என்ன இருக்கிறது, எங்களுக்குப் போக இடமா இருக்கிறது? அவன் திரும்பி வேறு வழியாக வருவான். க வராவிட்டால் க-வில் தொடங்காத வழியாக வருவான். கழுதை வரவில்லையா, தொங்குகாது என்றான். கடல் வரவில்லை, உறங்காத தண்ணி. வாப்பா ஏறி வருகிற கப்பல் வராமல் ஒரு நாள் பூராவும் போராடினான், மறுநாள் வந்து, "லாத்தா, மெதக்குற தெருவுல வாப்பா வர்றாங்க" என்றான். நாங்கள் பத்துப் பெண்களும் கொட்டையைப் போட்டுவிட்டு அவனைப் பார்த்தோம். எனக்குக் கப்பல் தெரியாது, பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

"மிதக்கும் தெரு." அட்டையைக் காட்டுகிறாள் ரிஸ்வானா. "இது பதினெட்டுப் பதிப்பு வந்திருக்கு. கப்பல ஏன் மிதக்கும் தெருன்னு சொன்னாங்கன்னு ஆராய்ச்சி பண்ணி ஒருத்தர் டாக்டர் பட்டம் வாங்கியிருக்காங்க. ஊரையே சுமந்துட்டுப் போற வணிகர்களோட பிரிவுத் துயரம்னு எழுதியிருக்காங்க." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையால் அமுக்கப் பார்த்தேன், பாதி வெளியே தெறித்துவிட்டது. டீச்சர் திரும்பி என்னையும் ஒரு பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். துயரமாவது மண்ணாவது, க வரவில்லை அம்மா, அவ்வளவுதான். சொல்லிவிடலாமா? நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வேண்டாம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. நாளைக்கே பேப்பரில் போடுவான், திக்குவாய் எழுத்தாளர் என்று கட்டம் கட்டிப் போடுவான். விருது கொடுத்த அன்றைக்கு மேடை ஏறமாட்டேன் என்று அவன் உட்கார்ந்துவிட்டான், தலைக்கனம் பிடித்தவன் என்று ஊரே பேசியது, எனக்கு அப்போதே கத்த வேண்டும்போல இருந்தது, கத்தவில்லை. அவன் சொல்லாதே என்று என்னைக் கேட்டதில்லை. சொல் என்றும் கேட்டதில்லை. அது எங்களுக்குள் பேச்சாகவே வந்ததில்லை, மூச்சு விடுகிறதைப் பற்றி யார் பேசுவார்கள். சொல்லாமல் இருந்தால் பின்னறை திங்கட்கிழமை போகும். சொன்னால் அவன் மானம் போகுமோ. மேசை அழகாகத்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒரு மேசை இருந்தால் நல்லதுதானே, மடை திறந்த பேச்சு என்றால் கேட்கக் கம்பீரமாக இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டுமே, ஓர் அறைதானே, புளி வாசனை அடிக்கிற அறை, அதைப் போட்டு யார் பார்க்கப் போகிறார்கள். இப்படி நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு நின்றேன், நின்ற இடத்திலிருந்து பின்னறைக் கதவு தெரிந்தது, பாதி திறந்திருக்க உள்ளே சுவரில் கொத்தனார் இழுத்த சுண்ணாம்புக் கோடு தெரிந்தது.

டீச்சர் ஒரு பெண்பிள்ளையை முன்னால் இழுத்தாள். "ஜெனிலா, இந்தப் போர்ட சத்தமா வாசி." ஒல்லியான பிள்ளை, இரட்டைச் சடை, ஒரு சடை ரிப்பன் அவிழ்ந்திருக்கிறது. பலகை மேசைக்குப் பின்னால், வழவழப்பான எழுத்து. "தெளிந்த நீ... நீரோ..." என்றது பிள்ளை. "நீரோடை!" என்றார் மொகுதூம், சிரித்த முகம், நல்ல மனசு. "நீரோடை போன்ற பே... பே..." "பேச்சாற்றல்!" என்றாள் டீச்சர், "பேச்சாற்றல் சிறு வயதிலேயே இவருக்கு வாய்த்திருந்தது. பாத்தியா ஜெனிலா? இவங்கள மாதிரி பேசணும். சும்மா முழுங்கி முழுங்கிப் பேசக் கூடாது." பிள்ளை வாயை மூடினாள். அந்த உதட்டை நான் பார்த்திருக்கிறேன். அதே கூடம், அதே ஜன்னலுக்கு நேரே. என் தம்பியைக் கொண்டே இந்தப் பிள்ளையை அடிக்கிறார்கள், அவன் பெயரைப் பிரம்பாக்கி அடிக்கிறார்கள், நான் அவன் மானத்தைக் காக்கிறேன் என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது எனக்கு. "எடுத்துக் குடுக்காதீங்க!" என்றேன். கூடம் முழுக்கக் கேட்டது. கதவைத் தாண்டி நின்று என் குரல் இந்தக் கூடத்தில் இதற்கு முன் கேட்டதே இல்லை. மொகுதூம் துள்ளித் திரும்பினார். முகத்தைப் பார்த்து அல்ல, குரலைக் கேட்டு, "லாத்தாவா?" என்றார், என்றவுடன் பழக்கதோஷத்தில் கண்ணைத் தரைக்குத் தாழ்த்திக்கொண்டார். "நான்தான். முத்து மரியம். நூகுவோட லாத்தா. இந்தப் போர்டுல எழுதியிருக்கிறது பொய். அவனுக்குத் திக்கும்." டீச்சர், "யாருக்கு?" என்றாள். "நூகுத்தம்பிக்கும்மா. ஒங்க பிள்ளைங்க வச்சிருக்குற புஸ்தகத்த எழுதுனவனுக்கு. கானாவுல ஆரம்பிக்கிற சொல்லு ஒண்ணும் அவனுக்கு வராது. கடைசி வரைக்கும் வரல. இந்தக் கூடத்துல அவன் பேசுனதே இல்ல, பேச வுடல." சொல்லிவிட்டேன். தரை பிளக்கும் என்று நினைத்தேன், தலை குனியும் என்று நினைத்தேன். குனியவில்லை. பெருநாள் காலையில் புதுத்துணி உடுத்தி நிற்கிற மாதிரி இருந்தது, இத்தனை வருஷம் இதைப் பெட்டியில் மடித்து வைத்திருந்தது யார் புத்தி.

"லாத்தா, பிள்ளைங்க முன்னாடி இதெல்லாம்..." மொகுதூம் தரையிடம் பேசினார். "அவங்களுக்கு இழுக்கு இல்லையா?" "இழுக்கா? வாய் வராத அவன் நாப்பத்தொரு புஸ்தகம் எழுதியிருக்கான். ஒங்க சங்கத்துல நல்ல வாய் உள்ளவங்க பதினோரு பேர் இருக்கீங்க, எழுதுனது எத்தன பக்கம்?" ரிஸ்வானா முகத்தைத் திருப்பிக்கொண்டாள், சிரிப்பில் தோள் குலுங்கியது. டீச்சர் ஜெனிலாவின் அவிழ்ந்த ரிப்பனை எடுத்து மெதுவாகக் கட்டினாள். நான் பின்னறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போனேன், வாங்க என்று கூப்பிடக்கூட இல்லை, திரும்பிப் பார்த்தால் முப்பதும் பின்னாலேயே வருகிறது. சின்ன அறை. ஒரு ஜன்னல். மூலையில் சிமெண்டு மூட்டை. இங்கே பத்துப் பெண்கள் உட்காருவோம், நடுவில் அவன், மூக்கு ஒழுகிக்கொண்டு, அரைக்கால் சட்டையில் கடற்கரை மணலோடு. சொன்னேன். புளியைச் சொன்னேன், பெரியும்மாவின் பல்லைச் சொன்னேன், பிள்ளைகள் உருண்டு சிரித்தன. தொங்குகாதைச் சொன்னேன். மிதக்கிற தெரு எப்படி வந்தது என்று சொன்னபோது சிரிப்பு நின்றது. ஜெனிலா முன்னால் வந்தாள். "அவரு..." என்றாள், நின்றாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கென்ன அவசரம். "அவரு அ... அழுவாரா?" அழமாட்டான் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லத்தான் வாய் எழுந்தது, என் தம்பியாயிற்றே. "அழுவான்" என்றேன், "அழுதுட்டு, மூக்கச் சிந்திட்டு, மிச்சத்தச் சொல்லுவான். மிச்சத்தச் சொல்லாம ஒரு நாளும் எந்திரிச்சதில்ல." பிள்ளை தலையை ஆட்டினாள், போய் உட்காரவில்லை, என் பக்கத்திலேயே நின்றாள். மொகுதூம் நிலைப்படியிலேயே நிற்கிறார், பெண்கள் புழங்குகிற இடம் என்று இந்த வயதிலும் உள்ளே கால் வைக்கவில்லை, அந்த மரியாதைக்காக அவரை மன்னிக்கலாம். "லாத்தா, நீங்க சொல்றது சரிதான், எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா பிளான் பாஸாயிடுச்சு. பின்கட்டு முழுக்க சங்கத்துக்குன்னுதான் பத்திரத்துல இருக்கு. இந்த அறைய இடிக்கக் கூடாதுன்னு அதுல ஒண்ணும் இல்லையே." "பத்திரத்துல இல்ல" என்றேன், "நான் இருக்கேன்." அவர் கைபேசியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "திங்கக்கெழம கொத்தனார் வந்து நிப்பாரு லாத்தா. அவர்ட்ட என்ன சொல்ல?" "வரட்டும். வந்தா அவரையும் உக்காரச் சொல்லுங்க. நாப்பத்தொண்ணையும் சொல்லி முடிக்க நாளாகும்" என்றுவிட்டு, சுண்ணாம்புக் கோடு போட்ட சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன்.